விளையாட்டுப் பெட்டிக்குள் ஓர் இரைச்சல்

வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் முதல் வீடியோ கேம் பெட்டியில் ஒலியே கிடையாது. 1972இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மேக்னவாக்ஸ் ஒடிசி, திரையில் சில வெள்ளைப் புள்ளிகளையும் ஒரு கோட்டையும் மட்டுமே காட்டியது. பந்து மட்டையில் பட்டாலும் சத்தம் வராது. சாண்டர்ஸ் அசோசியேட்ஸ் நிறுவனத்தில் ரால்ஃப் பேர் 1960களின் பிற்பகுதியில் உருவாக்கிய மாதிரியிலிருந்து பிறந்த அந்தப் பெட்டி, பேட்டரியிலேயே ஓடக்கூடியது. ஒலி போவதற்குப் பாதையே இல்லாததால், இரைச்சல் என்ற புகாருக்கு அதில் இடமில்லை.

அதே ஆண்டில் அடாரி நிறுவனம் வெளியிட்ட பாங் விளையாட்டில் அந்த நிலை மாறியது. அதை வடிவமைத்த ஆலன் ஆல்கார்ன், பந்து பட்டால் எழும் ஒலிக்கென்று தனிச் சுற்று எதையும் கட்டவில்லை. திரையில் படத்தை ஒழுங்காக நிறுத்துவதற்கென்று பலகையில் ஏற்கெனவே இருந்த ஒத்திசைவுச் சுற்றில் துழாவி, காதுக்குப் பிடித்த ஓர் அதிர்வெண்ணை எடுத்து ஸ்பீக்கருக்குக் கொடுத்தார். செலவில்லாத, அழகான தீர்வு. படத்தைச் செய்யும் மின்சாரமும் ஒலியைச் செய்யும் மின்சாரமும் ஒரே பலகையில், ஒரே கடிகாரத் துடிப்பில் ஓடும் குடித்தனம் அங்கேதான் தொடங்கியது. அடுத்த முப்பது ஆண்டுகள் இந்தப் பெட்டிகளில் கேட்ட இரைச்சலில் பெரும்பகுதி அந்தக் குடித்தனத்தின் விளைவு.

பழைய பெட்டியை இன்று மேசையில் வைத்துப் பார்ப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதுதான். இரைச்சலில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளிலேயே இருந்தது. மற்றொன்று, வயதால் வந்தது. இரண்டையும் பிரித்தறியாமல் சால்டரிங் அயர்னைக் கையில் எடுப்பவர், நல்ல பாகங்களைக் கழற்றிவிட்டுப் பிறவிக் குறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். எந்தப் பெட்டி எந்தக் காலத்தில் எந்தக் கட்டாயத்தில் செய்யப்பட்டது என்ற வரலாறு தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

1976இல் வந்த ஃபேர்சைல்டு சேனல் எஃப், மாற்றக்கூடிய கார்ட்ரிட்ஜ்களைக் கொண்ட முதல் பெட்டி. ஜெரி லாசன் தலைமையில் உருவான அதில் ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஒலி டிவிக்குப் போகவில்லை. படம் மட்டுமே போனது. இரண்டும் வெவ்வேறு வழியில் போனதால் ஒன்றின் குறை மற்றொன்றைத் தொடவில்லை. பின்னர் வந்த இரண்டாம் மாடலில் ஒலியும் டிவிக்கு மாறியது. 1977இல் வந்த அடாரி 2600, தொடக்கத்திலிருந்தே அந்த வழியைத்தான் பிடித்தது. பெட்டிக்குள் இருக்கும் சிறிய மாடுலேட்டர் ஒரு குட்டி டிவி நிலையமாக வேலை செய்யும். படத்தையும் ஒலியையும் சேர்த்து 2 அல்லது 3ஆம் சேனலில் ஒலிபரப்பு அலையாக மாற்றி, ஒரே கம்பியில் ஆன்டெனா முனைக்கு அனுப்பும்.

இந்த முறையில் ஒலி எப்படிப் போகிறது என்பது முக்கியம். அமெரிக்க, ஜப்பானிய டிவி முறையில் பட அலைக்கு 4.5 மெகாஹெர்ட்ஸ் மேலே ஒலி அலை உட்காரும். டிவிப் பெட்டி இந்த இரண்டு அலைகளுக்கும் இடையிலான வித்தியாசத்தை எடுத்து அதிலிருந்து ஒலியைப் பிரிக்கிறது. அதாவது, ஒலி கிடைக்க வேண்டுமானால் பட அலையும் எப்போதும் இருந்தாக வேண்டும். வெள்ளை நிறம் காட்டும்போது பட அலை மிகவும் சிறுத்துப்போகும். மாடுலேட்டரின் அமைப்பு சற்றுப் பிசகியிருந்தால் அந்தக் கணத்தில் அலை அடியோடு அறுந்தும் போகும். அறுந்த கணங்களில் ஒலியும் அறுபடும். படம் வினாடிக்கு 60 தடவை திரும்பத் திரும்ப வரையப்படுவதால், அறுபடல் 60 ஹெர்ட்ஸ் கர்ர் சத்தமாகக் கேட்கும். திரையில் பெரிய வெள்ளை எழுத்து வந்தால் சத்தம் ஏறும். கறுத்த பின்னணி வந்தால் அடங்கும். படத்தைப் பார்த்து ஏறி இறங்கும் இரைச்சல் என்றால் மின்சப்ளையைக் குறைசொல்லக் கூடாது. மாடுலேட்டரில் உள்ள ஒலிச் சுருளின் ஃபெரைட் மையத்தை, உலோகமல்லாத திருப்புளியால் இம்மியளவு திருப்பிப் பார்ப்பதுதான் முதல் வேலை. ஃபெரைட் எளிதில் நொறுங்கக்கூடியது. அவசரப்பட்டு இரும்புத் திருப்புளியை நுழைத்தால் சுருளோடு போய்விடும்.

நாடு மாறினால் இந்த 4.5 என்ற எண்ணும் மாறும். இந்தியாவிலும் இலங்கையிலும் ஒலி அலை 5.5 மெகாஹெர்ட்ஸில் இருந்தது, பிரிட்டனில் 6, சீனாவிலும் ரஷ்யாவிலும் 6.5. ஒரு நாட்டுப் பெட்டியை இன்னொரு நாட்டு டிவியில் மாட்டினால் படம் ஒருவாறு தெரியும். ஒலி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சீறல்தான் வரும். 1990களில் தமிழ்நாட்டு வீடுகளில் புழங்கிய டிவி கேம்கள் பெரும்பாலும் நிண்டெண்டோ ஃபேமிகாமைப் பார்த்துச் செய்யப்பட்ட நகல்கள். அவையும் இந்த ஆன்டெனா வழியை நம்பியவையே. அப்படிப்பட்ட பெட்டி இன்று பரணிலிருந்து இறங்கி வந்து, படம் காட்டிச் சீறினால் அது பழுதாக இருக்க வேண்டியதில்லை. எந்த நாட்டு முறைக்குச் செய்யப்பட்டது என்று பார்த்தாலே போதும்.

வீட்டுக்குள் ஒரு குட்டி டிவி நிலையம் என்றால், அது பக்கத்து வீட்டு டிவியையும் கெடுக்கும். அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி இதில் மிகக் கறாராக இருந்தது. டிவியில் செருகும் கருவி எதுவானாலும் வெளியே கசியும் அலை மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆரம்பகால அடாரி 2600க்குள் கனத்த அலுமினியக் கவசம் வந்தது அதனால்தான். 1979இல் அதே நிறுவனத்தின் 400, 800 கணினிகளும் வார்ப்பு அலுமினியக் கூட்டோடு வந்தன. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் தன் 99/4 கணினிக்கு இந்த அனுமதி கிடைக்காமல், தனி மானிட்டரோடு சேர்த்தே விற்கவேண்டி வந்தது. அதே ஆண்டில் விதிகள் தளர்த்தப்பட்டன, கவசங்களும் மெலிந்தன. ஆனால் கசிவைத் தடுக்கும் பொறுப்பு போகவில்லை. சில பெட்டிகளில் கடைசி நேரத்தில் வைத்த தடுப்பே புதிய இரைச்சலைக் கொண்டுவந்தது.

அப்படி இரைச்சலால் பெயர்பெற்ற பெட்டி வெக்ட்ரெக்ஸ். ஜே ஸ்மித்தின் குழு வடிவமைத்து, ஜெனரல் கன்ஸ்யூமர் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1982இன் இறுதியில் வெளியிட்டது. அடுத்த ஆண்டு அந்த நிறுவனத்தை மில்டன் பிராட்லி வாங்கியது. 1984இல் விற்பனை நின்றுபோனது. 9 அங்குலப் படக்குழாய், ஸ்பீக்கர், மின்மாற்றி எல்லாம் ஒரே கூட்டுக்குள் அடங்கியவை. டிவி தேவையில்லை. படமும் மற்ற பெட்டிகளைப் போல வரிவரியாக வராது. எலெக்ட்ரான் கற்றையை நேராக இழுத்துக் கோடு கோடாக வரையும். உள்ளேயே வைத்திருந்த மைன் ஸ்டார்ம் விளையாட்டைத் தொடங்கியவுடன் ஸ்பீக்கரில் ஒரு கர்ர் சத்தம் எழும். கண்ணிவெடிகள் திரையில் நிறைந்தால் அதன் குரல் தடிக்கும். சுட்டு வீழ்த்தக் குறையும். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் திரையில் எவ்வளவு கோடு இருக்கிறது என்று காது சொல்லிவிடும்.

ஏன் இப்படி? வெக்ட்ரெக்ஸில் எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் பாகம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. செலவு கருதி அதையே நான்கு வேலைக்கு வைத்தார்கள். 4052 என்ற தேர்வு ஐசி, அதன் வெளியீட்டைக் கண நேரத்துக்குள் மாற்றி மாற்றிக் கொடுக்கும்: ஒருமுறை கற்றையின் செங்குத்து நகர்வுக்கு, ஒருமுறை நடுப்புள்ளியைச் சரிசெய்ய, ஒருமுறை வெளிச்சத்துக்கு, ஒருமுறை ஒலிக்கு. இசையையும் ஓசையையும் ஏஒய்-3-8912 என்ற தனி ஐசி செய்தாலும், இரண்டும் வந்து சேரும் ஒலிக்கம்பி ஒன்றே. ஒலிக்கம்பியில் ஓடுவது மிகச் சிறிய மின்னழுத்தம். சற்றுத் தள்ளி, கற்றையைத் திருப்பும் சுருள்களுக்குப் பெரிய மின்னோட்டம் பாய்கிறது. இரண்டுக்கும் இடையே தடுப்பு போதவில்லை.

அதோடு எஃப்சிசி விதிக்காகத் தயாரிப்பின்போது ஒரு கிரவுண்ட் பட்டை கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. கிரவுண்ட் ஒரே இடத்தில் சேர்ந்தால் பிரச்சினை இல்லை. இரண்டு இடங்களில் சேர்ந்தால் ஒரு வளையம் உருவாகிவிடும். இரண்டு வயல்களின் வடிகாலும் ஒரே வாய்க்காலில் விழுந்தால், மேல் வயலில் நீர் பெருகும்போது கீழ் வயலிலும் மட்டம் ஏறுகிறது அல்லவா, அதுபோலத் திரைச் சுற்றில் மின்னோட்டம் பெருகும்போதெல்லாம் ஒலிச்சுற்றின் தரைமட்டமும் ஏறி இறங்கியது. அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் ஸ்பீக்கர் சத்தமாகச் சொன்னது. பிந்திய தயாரிப்புகளில் இது சரிசெய்யப்பட்டது.

முந்திய தயாரிப்பு ஒன்று கையில் கிடைத்தவர், கெபாசிட்டர் எல்லாவற்றையும் மாற்றினாலும் அந்தக் கர்ர் முழுதாகப் போகாது. வால்யூம் குமிழுக்குப் போகும் கம்பிகளுக்குப் பதிலாக உறையிட்ட கம்பியைப் போட்டு, அந்த உறையை ஒரு முனையில் மட்டும் கிரவுண்டில் இணைத்து, வளையத்தை வெட்டிவிட வேண்டும். குமிழே தேய்ந்து கரகரத்தால் அது வேறு பழுது; அது வயதின் குறை. அதே குமிழ்தான் மின்சுவிட்சாகவும் வேலை செய்வதால் தேய்வு அதிகம். இந்தப் பெட்டியைத் திறப்பவர் படக்குழாயில் பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. அனுபவமில்லாதவர் திறக்காமல் இருப்பதே நல்லது.

1983 ஜூலையில் ஜப்பானில் வந்த ஃபேமிகாமில் வேறொரு வினோதம் இருக்கிறது. அதில் ஒலி நேராக டிவிக்குப் போவதில்லை. ஒலி ஐசியிலிருந்து கார்ட்ரிட்ஜின் 45ஆம் முனைக்குப் போய், கார்ட்ரிட்ஜுக்குள் நுழைந்து, 46ஆம் முனை வழியாகத் திரும்பி வந்து, அதன் பிறகே மாடுலேட்டருக்குப் போகும். கார்ட்ரிட்ஜ் தானும் ஒலி சேர்க்க விரும்பினால் நடுவில் சேர்த்துக்கொள்ளலாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. 1989இல் கொனாமி வெளியிட்ட அகுமாஜோ டென்செட்சு அப்படித்தான் தனது சொந்த ஐசியால் மூன்று கூடுதல் குரல்களைச் சேர்த்தது. அமெரிக்காவுக்கு என்இஎஸ் என்ற பெயரில் போன பெட்டியின் கார்ட்ரிட்ஜில் இந்த முனைகள் இல்லை. ஆகவே அதே விளையாட்டு அங்கே மெலிந்த இசையோடு வந்தது. சாதாரண ஃபேமிகாம் கார்ட்ரிட்ஜ்களில் 45ஐயும் 46ஐயும் சும்மா இணைத்துவிட்டிருப்பார்கள்.

பழுது பார்ப்பவருக்கு இதன் பொருள் தெளிவு. விளையாட்டு ஒழுங்காக ஓடுகிறது, படம் பளிச்சென்று இருக்கிறது, ஒலி மட்டும் கரகரக்கிறது அல்லது அடியோடு இல்லை என்றால், பெட்டியைக் கழற்றுவதற்கு முன் கார்ட்ரிட்ஜின் அந்த இரண்டு முனைகளைத் துடைத்துப் பார்க்க வேண்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சி போதும். வாயால் ஊதுவது எல்லா நாட்டுப் பிள்ளைகளும் செய்த வைத்தியம். ஊதும்போது எச்சில் ஈரமும் சேர்ந்துபோய் உலோகத்தில் படிவதால், அது நாளடைவில் களிம்பைக் கூட்டியதே தவிர குறைக்கவில்லை. அன்று கார்ட்ரிட்ஜ் வேலை செய்ததற்குக் காரணம், அதை எடுத்து மறுபடி செருகியதுதான்.

ஃபேமிகாமிலும், 1993இல் அமெரிக்காவில் வந்த மேல்செருகு என்இஎஸ்ஸிலும் ஒலியில் மட்டுமின்றிப் படத்திலும் ஓர் இரைச்சல் உண்டு. திரை முழுவதும் மங்கலான செங்குத்துக் கோடுகள், சிறைக் கம்பிகளைப் போல. பட ஐசியின் வெளியீட்டுத் தடத்துக்கு அருகில் ஓடும் எண்வழிச் சைகைகள் அதில் கசிவதால் வருவது. இதுவும் பிறவிக் குறைதான். பட ஐசியின் வெளியீட்டு முனையைப் பலகையிலிருந்து விடுவித்துத் தனிச் சுற்று வழியாக வெளியே எடுத்தால்தான் குறையும்.

மின்சப்ளையிலிருந்து வரும் உறுமல் வேறு ரகம். அது படத்தைப் பார்க்காது, விளையாட்டைப் பார்க்காது, இடைவிடாமல் ஒரே சுரத்தில் கேட்கும். இந்தியாவின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நான்கு டையோடுகள் திருத்தினால் 100 ஹெர்ட்ஸ் அலைவு எஞ்சும். அமெரிக்காவில் அது 120. அதைச் சமன்படுத்துவது ஒரு பெரிய கெபாசிட்டர். என்இஎஸ்ஸில் அது 2,200 மைக்ரோஃபாரட். அதன் பின்னால் 7805 ரெகுலேட்டர் உட்கார்ந்து நிலையான 5 வோல்ட்டைத் தரும். 7805 தன் வேலையைச் செய்ய அதன் வாயிலில் சுமார் 7 வோல்ட்டாவது இருந்தாக வேண்டும். கெபாசிட்டர் காய்ந்து கொள்ளளவு குறைந்தால், அலைவின் பள்ளங்கள் அந்த 7க்குக் கீழே இறங்கும். இறங்கும் ஒவ்வொரு முறையும் 5 வோல்ட் தடுமாறும், ஸ்பீக்கர் உறுமும், திரையில் மங்கலான பட்டை ஒன்று மெல்ல மேலேறிப் போகும். உறுமலும் பட்டையும் சேர்ந்து வந்தால் அந்தக் கெபாசிட்டரை மாற்றத் தயங்க வேண்டாம். பிரச்சினை தீரும் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லக்கூடிய அரிய இடம் இது.

அடாப்டர் குழப்பம் இதைவிட ஆபத்தானது. என்இஎஸ்ஸின் அடாப்டர் 9 வோல்ட் மாறுதிசை மின்சாரம் தரும். டையோடுகள் பெட்டிக்குள் இருக்கின்றன. ஃபேமிகாமுக்கு 10 வோல்ட் நேர்திசை மின்சாரம், நடுமுனை எதிர்மின். சேகாவின் மெகா டிரைவ் முதல் மாடலும் நேர்திசை மின்சாரமே கேட்கும். ஆனால் செருகி ஒரே அளவாக இருப்பதால் என்இஎஸ் அடாப்டர் அதில் அப்படியே நுழைந்துவிடும். நுழைந்தால் கேட்பது உறுமலோடு நிற்காது, பெட்டியே போய்விடும். பழைய கனத்த அடாப்டருக்குப் பதிலாக இன்றைய மலிவான சுவிட்சிங் அடாப்டரைப் போடுபவர்களுக்கு உறுமல் போய், மெல்லிய கீச்சொலி ஒன்று வந்து சேரும். அதோடு ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால் 50 ஹெர்ட்ஸ் உறுமல் வரலாம். இது அடாப்டரின் உட்கசிவு மின்னோட்டம் கிரவுண்ட் வழியே பயணிப்பதால் வருவது. வேறு அடாப்டரில் சோதித்துப் பார்க்காமல் பலகையைத் தொடுவது வீண் வேலை.

ஒலியைக் காப்பாற்ற வேண்டும் என்று தொடக்கத்திலேயே கவலைப்பட்டவர்களும் உண்டு. 1990இல் வந்த சூப்பர் ஃபேமிகாமின் ஒலிப்பகுதியை சோனியில் கென் குட்டராகி வடிவமைத்தார். ஆரம்பத் தயாரிப்புகளில் அந்தப் பகுதி முழுவதும் உலோகக் கூட்டுக்குள் அடைத்த தனிப் பலகையாக முதன்மைப் பலகையின் மேல் செருகப்பட்டது. பின்னர் செலவைக் குறைக்க அது முதன்மைப் பலகையிலேயே சேர்க்கப்பட்டது. அதே பெட்டியில் நினைவகத்தைப் புதுப்பிக்க ஒவ்வொரு வரியின் நடுவிலும் செயலி சற்று நிற்கிறது. மின்சப்ளை தளர்ந்த பெட்டிகளில் அந்த நிறுத்தமே திரையின் நடுவில் மெல்லிய செங்குத்துக் கோடாகத் தெரியும்.

1988 அக்டோபரில் வந்த மெகா டிரைவின் கதை, இரைச்சலை எதிரியாக மட்டும் பார்க்க முடியாது என்பதைக் காட்டுகிறது. அதன் யமஹா ஒய்எம்2612 ஐசி ஆறு குரல்களை வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக மிக வேகமாக வெளியிடும். அதன் எண்-மின்னழுத்த மாற்றியில் ஒரு கோளாறு உண்டு: சுழியை ஒட்டிய இடத்தில் படி சமமாக இல்லை, ஓர் இடைவெளி விழுந்திருக்கிறது. அதனால் மெல்லிய ஒலிகள் இருக்க வேண்டியதைவிட உரக்கவும் கரடுமுரடாகவும் கேட்கும். இசை தேய்ந்து மறையும் இடத்தில் ஒரு சொரசொரப்பு நிற்கும். பிந்திய மாடல்களில் வந்த ஒய்எம்3438 இதைத் திருத்தியது. ஆனால் அந்தக் காலத்து இசையமைப்பாளர்கள் கேட்டுக் கேட்டுச் சரிபார்த்தது பழைய ஐசியைத்தான். அந்தச் சொரசொரப்பையும் கணக்கில் வைத்து எழுதிய மெட்டுகள் திருத்தப்பட்ட ஐசியில் சற்று வறண்டு ஒலிக்கும். மெகா டிரைவைப் போலச் செயல்படும் மென்பொருள்கள் சிலவற்றில் இந்தக் கோளாறு வேண்டுமா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கும் வசதியே உண்டு. பழைய பெட்டியில் இதைக் கேட்டுவிட்டு ஐசி கெட்டுவிட்டது என்று மாற்றுபவர், இசையின் ஒரு பகுதியையே கழற்றி எறிகிறார்.

மெகா டிரைவில் வேறொரு இரைச்சலும் உண்டு, அது வரவேற்கத்தக்கதல்ல. ஐசியின் ஒலியைப் பெருக்கி வெளியே அனுப்பும் ஆம்ப்ளிஃபயர் சுற்றை சேகா ஆண்டுக்காண்டு மாற்றிக்கொண்டே இருந்தது. முதல் மாடலின் ஆரம்பப் பலகைகளில் இருந்த சோனி ஐசி, தெளிவான ஒலி தந்தது. முதல் மாடலின் கடைசிப் பலகையிலும், 1993இல் வந்த இரண்டாம் மாடலின் பல பலகைகளிலும் சுற்று மலிந்தது. ஒலி மங்கியது, பின்னணிச் சீறல் ஏறியது. அமெரிக்கச் சந்தையில் பழைய பெட்டி தேடுபவர்கள் மேற்கூட்டில் ஹை டெஃபினிஷன் கிராஃபிக்ஸ் என்று அச்சிட்டிருக்கிறதா என்று முதலில் பார்ப்பது இதனால்தான். அந்த எழுத்து உள்ளவை பெரும்பாலும் நல்ல சுற்று உள்ளவை.

வயதின் குறையில் மிகக் கொடியது 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்த பலகைமேல் கெபாசிட்டர்களின் கசிவு. பலகையின் மேல் நேரடியாக ஒட்டும் சிறிய எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் அப்போதுதான் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தன. அவற்றின் உள்ளே இருந்த திரவம் ரப்பர் அடைப்பை மெல்ல அரித்து வெளியேறியது. 1990இல் வந்த சேகா கேம் கியரும், 1991இல் என்இசி வெளியிட்ட பிசி எஞ்சின் டுவோவும் இதற்குப் பெரும் பலியானவை. கேம் கியருக்குள் மூன்று பலகைகள். ஒலிக்கென்று ஒன்று தனியாக இருக்கிறது. ஒலி முதலில் தேயும், பிறகு கரகரக்கும், கடைசியில் ஹெட்ஃபோனில் மட்டும் மெல்லக் கேட்கும், அதுவும் போகும். அந்தப் பலகையில் அயர்ன் முனையை வைத்தவுடன் மீன் வாடை எழுந்தால் கசிவு உறுதி. கெபாசிட்டரை மட்டும் மாற்றினால் போதாது. கசிந்த திரவம் செம்புத் தடங்களைத் தின்றுகொண்டே இருக்கும்; ஆல்கஹாலால் நன்றாகக் கழுவி, அறுந்த தடங்களை மெல்லிய கம்பியால் இணைத்து, அதன் பிறகே புதியதை வைக்க வேண்டும். இந்தப் பெட்டிகளில் ஒலி நன்றாக இருக்கும்போதே கெபாசிட்டர்களை மாற்றிவிடுவது விவேகம். கசிவு காத்திருப்பதில்லை.

ஐரோப்பாவில் இரைச்சலின் இன்னொரு ரகம் தோன்றியது. பிரான்ஸ் 1980களின் தொடக்கத்தில் டிவிகளில் கட்டாயமாக்கிய 21 முனை ஸ்கார்ட் இணைப்பு, சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் கொண்டுபோய் ஆன்டெனா வழியின் தொல்லைகளை ஒழித்தது. படம் துல்லியமானது. ஆனால் அதே தடித்த கம்பிக்குள் ஒலிக்கம்பிகளும் பக்கத்திலேயே போயின. மலிவான கம்பிகளில் ஒவ்வொன்றுக்கும் தனி உறை இல்லை, கிரவுண்டும் பொது. ஒத்திசைவுச் சைகை ஒலியில் தொற்றி, மீண்டும் அதே பழைய கர்ர் சத்தம் வந்தது. வெளிச்சமான காட்சியில் ஏறும், இருட்டில் இறங்கும். மாடுலேட்டரின் சத்தமும் கம்பியின் சத்தமும் காதுக்கு ஒரே மாதிரி இருப்பதால், ஸ்கார்ட் பெட்டியை எடுத்துவந்து உள்ளே மாடுலேட்டரைத் தேடி ஏமாந்தவர்கள் பலர். நல்ல உறையிட்ட கம்பி ஒன்றை மாற்றிப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தேடலின் ஒழுங்கும் இந்த வரலாற்றிலிருந்தே வருகிறது. முதலில் வால்யூமைக் குறைத்துக் கேட்பது: டிவியில் குறைத்தும் மாறாத சத்தம் டிவியுடையது. அடுத்து, படம் மாறும்போது சத்தம் மாறுகிறதா என்று பார்ப்பது. மாறினால் சந்தேகம் கம்பி, மாடுலேட்டர், கிரவுண்ட் மீது. மாறாவிட்டால் அடாப்டர் மீதும் பெரிய கெபாசிட்டர் மீதும். பிறகு அடாப்டர், கம்பி, கார்ட்ரிட்ஜ் என்று வெளியே உள்ளவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும். அதே மாடலில் வேறொரு பெட்டி கிடைத்தால் அதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஒரே சத்தம் என்றால் அது பிறவிக் குறை. இவ்வளவுக்கும் பிறகே கூட்டைத் திறப்பது. ஆனால் கேம் கியர், டுவோ இரண்டுக்கும் இந்த ஒழுங்கு பொருந்தாது. அவற்றை நேராகத் திறந்துவிடலாம்.

கையடக்கப் பெட்டிகளில் டிவியும் இல்லை, மின்மாற்றியும் இல்லை. ஆனாலும் இரைச்சல் உண்டு. 1989இல் வந்த நிண்டெண்டோ கேம் பாயின் திரை வினாடிக்கு ஏறக்குறைய 9,198 வரிகளைக் கையாள்கிறது. அந்தத் துடிப்பில் மின்னோட்டம் கூடிக் குறைவதும், பேட்டரி மின்னழுத்தத்தை மாற்றும் சிறு பலகையின் அலைவும் சேர்ந்து ஹெட்ஃபோனில் மெல்லிய ஊளையாகக் கேட்கும். விளையாடும் பிள்ளைக்கு அது பொருட்டல்ல. ஆனால் 1998இல் நானோலூப், 2000இல் எல்எஸ்டிஜே என்ற இசை மென்பொருள்கள் வந்து, கேம் பாய் மேடையேறும் இசைக்கருவியானபோது அந்த ஊளை பெரிய ஒலிபெருக்கிகளில் பூதாகாரமானது. இசைக்கலைஞர்கள் பெட்டியைத் திறந்து, வால்யூம் குமிழின் முனையிலிருந்தே ஒலியை எடுத்து, உள்ளே இருந்த ஆம்ப்ளிஃபயரைத் தவிர்த்துவிட்டு வெளியே கொண்டுவந்தார்கள். உள் ஆம்ப்ளிஃபயர் சேர்த்த இரைச்சல் அதில் விழவில்லை. தாழ்சுரமும் நிறைந்து வந்தது. பழுதுபார்ப்பு என்பது கருவி செய்தலாக மாறிய இடம் அது.

இன்று அதே பெட்டிகளில் பழைய திரையைக் கழற்றிப் பின்னொளி உள்ள புதிய திரையைப் பொருத்துவது பரவலாகிவிட்டது. மெமரி கார்டில் நூற்றுக்கணக்கான விளையாட்டுகளை வைத்த கார்ட்ரிட்ஜ்களும் புழக்கத்தில் உள்ளன. இரண்டுமே பழைய வடிவமைப்பாளர் கணக்கிட்டதைவிட அதிக மின்னோட்டத்தை, அதிர்ந்து அதிர்ந்து உறிஞ்சுபவை. சத்தமில்லாத பெட்டியில் திரையை மாற்றிய அன்றே கீச்சொலி தொடங்கினால் காரணம் வேறெங்கும் தேட வேண்டாம். புதிய திரைக்கு மின்சாரத்தைப் பலகையின் மின்வாயிலில் இருந்தே தனிக்கம்பியில் எடுத்து, அந்த இடத்தில் ஒரு கெபாசிட்டரை இணைத்து, திரையின் கிரவுண்டையும் ஒலிச்சுற்றின் கிரவுண்டையும் மின்வாயிலில் மட்டும் சேரும்படி வைத்தால் பெரும்பாலும் கீச்சு அடங்கிவிடும்.